தொப்பிக்குத் தனிக் காசு

ஆள் இல்லாத வீடுகளைப் படம் எடுப்பதுதான் அவளுக்கு வேலை. வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் ஓர் அலுவலகம், குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளின் சாவிகளைக் கொத்தாக அவளிடம் கொடுக்கும். அவள் ஒவ்வொரு வீடாகத் திறந்து, கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை என்று எடுத்து முடித்துப் பொழுது சாய்வதற்குள் அனுப்பிவைக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக இதே பிழைப்பு. காலி வீட்டில் தனியாக நிற்கப் பயமாக இல்லையா என்று கேட்பவர்களுக்கு அவள் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: "ஆள் இருக்கற வீட்டுலதான் பயப்படணும்."

அசையாத சுவரைப் படம் எடுக்க என்ன சிரமம் என்று தோன்றும். சிரமம் சன்னலில் இருக்கிறது. திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்ட வீட்டில் வெயிலைத் தடுக்க ஒன்றும் கிடையாது. பக்கவாட்டில் வரும் வெளிச்சம் லென்ஸின் கண்ணாடியில் பட்டால் படம் சாம்பல் பூசியது போல் வெளுத்துவிடும். நடுவில் சோப்புக் குமிழி மாதிரி வட்டங்கள் மிதக்கும். அதைத் தடுக்கத்தான் லென்ஸின் வாயில் திருகி மாட்டும் கறுப்பு வளையம் ஒன்று உண்டு. கடையில் அதற்கு ஹூட் என்று பெயர். அவளுடைய அண்ணன் அதைத் தொப்பி என்பார். அந்தத் தொப்பியை அவர்கள் வாங்கவே இல்லை.

வாங்காததற்குக் காரணம் அண்ணன்தான். லென்ஸ் வாங்கிய அன்று அவர் கடையிலேயே டப்பாவைப் பிரித்துக் கவிழ்த்தார். லென்ஸ் வந்தது. முன்மூடியும் பின்மூடியும் வந்தன. பத்து மொழிகளில் பொடி எழுத்தில் அச்சடித்த ஒரு காகிதம் வந்தது.

"தொப்பி எங்கங்க?"

"அது தனி சார்," என்றார் கேமராக் கடைக்காரர்.

"தனின்னா?"

"தனியா வாங்கணும். விலை கூடின லென்ஸ்னா கம்பெனியே கூட வச்சுக் குடுத்துடும். இந்த ரகத்துக்குக் குடுக்கறதில்ல."

"பணக்காரனுக்கு இனாம், இல்லாதவனுக்குக் காசு. நல்ல நியாயம். சட்டை வாங்கினா பொத்தானைத் தனியா விப்பீங்களா?"

"நான் சட்டை விக்கலையே சார்."

விலையைக் கேட்ட அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்கு இரண்டு பேரின் நான்கு நாள் கூலி. வலது கையை விரித்துக் கடைக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது நான் பொறந்தப்பவே டப்பாவோட வந்தது. இதுக்கு இன்னிவரைக்கும் யாரும் தனிக் காசு கேக்கல."

அன்றிலிருந்து அந்தக் கைதான் தொப்பி. அவள் கேமராவை முக்காலியில் நிறுத்திக் குனிந்து பார்ப்பாள். அண்ணன் பக்கத்தில் நின்று வெயில் வரும் திசையில் கையை நீட்டுவார். கையின் நிழல் கண்ணாடியை மூட வேண்டும். ஆனால் கை படத்தில் விழக் கூடாது. அகலமாகப் பார்க்கும் லென்ஸ் அது. ஒரு விரல் அளவு முன்னால் போனாலும் படத்தின் மூலையில் கை தெரிந்துவிடும். அண்ணனுக்கு அந்த அளவு அத்துப்படி. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி நிற்பார். நிழல் மட்டும் கண்ணாடியின் மேல் அட்டை வெட்டி ஒட்டியது போல் விழுந்திருக்கும். சின்ன வயதில் கதவிடுக்கில் சிக்கி வளைந்துபோன சுண்டுவிரலின் நிழல்கூட அதில் வளைந்து தெரியும்.

அவளுக்கு இரண்டு கை, அவருக்கு ஒரு கை. அலுவலக மேலாளர் இருவருக்கும் சேர்த்து வைத்த பெயர் மூணு கை. "மூணு கை வந்தாச்சா? இந்தாங்க சாவி," என்பார். அண்ணன், "நாலாவது கை சம்பளம் வாங்கறதுக்கு சார்," என்று பைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து நீட்டுவார்.

ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் அண்ணன் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சு மூன்று வாரத்தில் திரும்பியது. திரும்பியதும் முதல் வேலையாக மருத்துவமனைத் தேநீரைக் குறை சொன்னார். கால் இரண்டு மாதத்தில் தரையை உணரத் தொடங்கியது. கை மட்டும் வரவில்லை. மடியில் எடுத்து வைத்தால் மடியில் கிடந்தது, விட்டால் தொங்கியது. கழற்றி வைத்த சட்டையின் கை மாதிரி.

கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை வீட்டுக்கு வரும் பிசியோ பெண் நல்லவள், ஆனால் பூசி மெழுகத் தெரியாதவள். "நரம்புப் பாதை திறந்துதான் இருக்கு சார். ஊசியால குத்தினா உங்களுக்குத் தெரியுது. ஆனா கை நீங்க சொல்றதைக் கேக்க மாட்டேங்குது," என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது தங்கையிடம் தனியாகச் சொன்னாள்: "ஆறு மாசத்துக்குள்ள ஒரு விரலாவது அசையணும் அக்கா. அதுக்கப்புறம் வரவே வராதுன்னு சொல்லல. ஆனா நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவளுக்கு அப்பா மாதிரி இருந்தவர் அண்ணன். அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்து பேச்சோடு போனபோது, ஒரு வார்த்தை கேட்காமல் கேமரா வாங்கக் காசு புரட்டிக் கொடுத்தவர். இப்போது சட்டைப் பொத்தானைப் போட மனைவியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கை வந்தாக வேண்டும். அவளுக்கு வேறு யோசனை கிடையாது.

வேலைக்கு அவள் தனியாகவே போய்வந்தாள். தனியாக எடுத்தால் படம் வெளுக்கும் என்று பயந்தாள். வெளுக்கவில்லை. முதல் வாரம் மேகமூட்டம், அதனால்தான் என்று நினைத்தாள். இரண்டாம் வாரம் வெயில் கொளுத்தியது. அப்போதும் படங்கள் கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தன.

"அண்ணன் இல்லாமலே நல்லாத்தானே வருது. அப்ப இத்தனை வருசம் அவரு எதுக்கு நின்னாரு?" என்றார் மேலாளர். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் சாவிகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் வேறொரு புதிர். அதை முதலில் கவனித்தது அண்ணி. அண்ணி எதையும் உரக்கத்தான் கவனிப்பாள்.

"ஏம்மா, இங்க வந்து உங்கண்ணன் கையைப் பாரேன். மணிக்கட்டுக்கு மேல ஒரு நிறம், கீழ ஒரு நிறம். முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வெயில்ல நின்னவன் கை மாதிரி இல்ல?"

அண்ணன் படுத்திருந்தது உள்ளறையில். அந்த அறைக்கு இருந்த ஒரே சன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. அந்தச் சன்னல் வழியாக வெயில் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆனால் வலது புறங்கை கறுத்திருந்தது. விரல் முட்டிகளின் மேல் தோல் உரிந்திருந்தது.

"ஏதாவது மாத்திரை ஒத்துக்காம இருக்கும்," என்றாள் தங்கை.

"மாத்திரை ஒரு கையை மட்டும் தேடிப் போய்க் கறுக்க வைக்குமா? இன்னொண்ணு கேளு. மூணு மணிக்கு மேல இந்தக் கை ஐஸ் மாதிரி சில்லிட்டுப் போகுது. தேய்ச்சாலும் சூடு ஏறல. நீ வேலை முடிஞ்சு வந்து காப்பி குடிக்கற நேரத்துக்குத் தானா சூடாகுது. உனக்காகக் காத்திருந்து பாசத்தைக் காட்டுது போல."

அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தங்கை அதைக் கவனித்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் அவளுக்கு ஆறாவது மாடியில் ஒரு வீடு. மேற்குப் பார்த்த கூடம், சுவர் அகலத்துக்குச் சன்னல். மணி நான்காகக் கால் மணி இருந்தது. குடியிருந்தவர்கள் ஒரு நாற்காலியையும் சுவர் நிறைய ஆணித் துளைகளையும் விட்டுப் போயிருந்தார்கள். அவள் முக்காலியை நிறுத்தி அளவு பார்த்தாள். லென்ஸில் ஒரு தூசி தெரிந்தது. துடைப்பதற்காக முன்பக்கம் வந்து குனிந்தாள்.

லென்ஸின் கண்ணாடி மேல் ஒரு கையின் நிழல் இருந்தது.

நான்கு விரல்கள் சேர்ந்து, கடைசி விரல் மட்டும் வெளிப்பக்கம் வளைந்து. அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். ஒன்றில் துடைக்கும் துணி, ஒன்று முக்காலியின் காலில். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நிழல் அப்படியே இருந்தது. வெயில் வரும் பக்கம் திரும்பினாள். சன்னல், அதற்கு அப்பால் ஆகாயம். இடையில் ஒன்றும் இல்லை.

நிதானமான பெண் அவள். கேமராவை முக்காலியோடு தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கண்ணாடி இருந்த உயரத்துக்குக் குனிந்து, அதே இடத்தில் தன் முகத்தை வைத்துப் பார்த்தாள். நெற்றியில் வெயில் சுட்டது. கழுத்தில் சுட்டது. இடது கன்னத்தில், ஒரு கை அகலத்துக்கு, வெயில் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. கேமராவை எடுத்துப் பைக்குள் போடவில்லை. அங்கேயே விட்டுவிட்டு மாடிப்படிக்கு வந்துதான் அண்ணியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணி, அண்ணன் கை எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும், ஐஸ் கட்டிதான். ஏன், வர்றப்ப வெந்நீர்ப் பை வாங்கிட்டு வரியா?"

"சரி அண்ணி."

பிறகு அவள் உள்ளே போய் மீதிப் படங்களை எடுத்து முடித்தாள். எடுக்காமல் வர முடியாது. சாவி நாளைக்கு வேறு ஆளிடம் போய்விடும். ஒவ்வொரு அறையிலும் கண்ணாடியைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினாள். படங்கள் மிகவும் சுத்தமாக வந்தன.

பேருந்தில் உட்கார்ந்து யோசித்தபோது அவளுக்குக் கணக்கு எளிதாகத்தான் இருந்தது. கை வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது. தினமும், வெயில் சாயும் நேரத்தில், அவளோடு. அதனால் வீட்டில் இல்லை. வீட்டில் இல்லாத கையை அண்ணன் எப்படி அசைப்பார்? அது ஏன் வருகிறது? தொப்பி இல்லாததால் வருகிறது. தொப்பியை வாங்கிவிட்டால் அதற்கு இங்கே வேலை இல்லை.

அப்படியே கேமராக் கடையில் இறங்கினாள். கடைக்காரருக்கு முடி நரைத்திருந்தது. ஆனால் மறக்கவில்லை.

"உங்கண்ணன் நல்லாருக்காரா?"

"இருக்காரு."

"இல்ல, அவரு உசிரோட இருக்கும்போது நீங்க இதை வாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க."

நான்கு பக்கமும் இதழ் மாதிரி வெட்டப்பட்ட கறுப்பு வளையத்தை அவர் லென்ஸில் மாட்டித் திருகினார். டிக்கென்று ஓர் ஒலி. இத்தனைக்குப் பிறகும் அது வெறும் பிளாஸ்டிக்தான். கையில் எடுத்தால் எடையே இல்லை. அவள் பேரம் பேசாமல் காசைக் கொடுத்தாள்.

அடுத்த நாள் தொப்பியோடு ஒரு வீட்டை எடுத்தாள். அண்ணனின் கையைப் பற்றி நினைக்கக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எடுத்தாள். கேமராவின் பின்திரையைக்கூடப் பார்க்காமல் அப்படியே அனுப்பிவைத்தாள். மறுநாள் காலை மேலாளர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"மேடம், பன்னிரண்டு படத்துல பதினொண்ணுல உங்க கை விழுந்திருக்கு."

மேசையில் கணினியைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு படத்திலும், சன்னல் இருந்த பக்கத்து மேல் மூலையில், பழுப்பாக, கலங்கலாக, நான்கு விரல்கள். கண்ணாடிக்கு மிக அருகில் இருப்பதால் உருவம் தெளியவில்லை. கடைசி விரலின் வளைவு மட்டும் தெளிவு. கை விழாத பன்னிரண்டாவது படம் சன்னல் இல்லாத குளியலறை.

"வீடு பார்க்கறவங்க போன் பண்ணிக் கேக்கறாங்க, உள்ள இன்னும் ஆள் இருக்காங்களான்னு. அண்ணன் இருந்தப்பகூட ஒரு விரல் விழுந்ததில்லையே. இப்ப தொப்பியும் வாங்கிட்டதா சொன்னீங்க. அப்புறம் கை எதுக்கு?"

"அதுக்குத் தெரியல சார்," என்றாள் அவள்.

"எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. திரும்ப எடுத்துத் தரேன்."

வெளியே வந்தபோது அவளுக்கு விளங்கியது. கை இருந்த இடத்தில் இப்போது தொப்பி இருக்கிறது. கைக்கு அது தெரியவில்லை, அல்லது பிடிக்கவில்லை. தொப்பியைத் தாண்டி இன்னும் முன்னால் போய் நிழல் கொடுக்கப் பார்க்கிறது. முன்னால் போனதால் படத்துக்குள் விழுகிறது. விலகிப் போவதற்குப் பதிலாக இன்னும் எட்டி வருகிறது. நான்கு நாள் கூலியைக் கொடுத்து அவள் அதை வீட்டிலிருந்து இன்னும் தொலைவுக்கு இழுத்திருக்கிறாள்.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. அண்ணி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து உள்ளறைக்குள் போனாள். கேமராவையும் தொப்பியையும் படுக்கையின் மேல் வைத்தாள்.

அண்ணன் தொப்பியைத்தான் முதலில் பார்த்தார். "காசு குடுத்து வாங்கினியா?"

"பின்ன, சும்மாவா குடுப்பாங்க?"

"எவ்வளவு?"

சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். விலைக்காக மட்டும் மூடவில்லை என்று அவளுக்குப் பட்டது. படங்களைக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழாவது படத்தில் நிறுத்தச் சொன்னார்.

"உனக்குத் தெரியும்," என்றாள் அவள். "நீதான் அனுப்பற."

"நான் அனுப்பல பாப்பா."

"தெரியும்ல?"

"மூணு மணி ஆனா தோள் கனக்கும். அப்புறம் கனம் போயிடும். எங்கேயோ வெயில்ல நிக்கற மாதிரி சுடும். நீ எந்த மாதிரி வீட்டுல நிக்கறன்னுகூடச் சொல்லிடுவேன். முந்தாநாள் பெரிய சன்னல், சரியா?" அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், பிறத்தியார் குழந்தையை வாங்கி வைத்துக்கொள்வது போல. "உங்கண்ணிகிட்ட சொன்னா தலைக்கும் அடிச்சிடுச்சும்பா. அதான் வாயைத் திறக்கல."

"வராதேன்னு அதுக்குச் சொல்லு."

"நான் சொன்னா கேக்கற கையா இருந்தா, இங்கேயே கேக்காதா?"

தெருவில் யாரோ வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காத," என்றார் அண்ணன். "கடைசியா நாம எடுத்த வீடு ஞாபகம் இருக்கா? நான் விழுந்ததுக்கு முந்தின நாள்."

"நாலாவது மாடி."

"கூடத்தை எடுத்துட்டிருந்தோம். உனக்கு போன் வந்துச்சு. பேசிக்கிட்டே கேமராவைக் கழட்டிட்டுக் கீழ இறங்கிட்ட. நான் கையை நீட்டிக்கிட்டு நிக்கறேன். நான் போதுமான்னு கேப்பேன், நீ போதும்பே, அப்புறம்தான் இறக்குவேன். பத்தொன்பது வருசமா ஒரு தடவை தப்பினதில்ல. அன்னிக்கு நீ சொல்லல."

"நீ இறக்கலையா?"

"இறக்கினேன். கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, நீ வரலேன்னதும் நானே இறக்கினேன். பைக்குள்ள போட்டேன். ஆனா பாப்பா, பைக்குள்ள போன மாதிரி இல்ல. ராத்திரி படுத்தப்பவும் நீட்டிக்கிட்டே இருக்கற மாதிரி இருந்துச்சு. காலையில விழுந்துட்டேன்."

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் மேலாளருக்குத் திரும்ப எடுத்துத் தர வேண்டிய வீட்டுக்குப் போனாள். இரண்டாம் மாடி, சின்னக் கூடம். சமையலறையில் யாரோ மறந்து விட்டுப்போன துடைப்பம் சாய்ந்திருந்தது. மூன்றரை மணி வரை காத்திருந்தாள். வெயில் தரையிலிருந்து மெல்ல ஏறி முக்காலியின் கால்களைத் தொட்டு மேலே வந்தது. தொப்பியை மாட்டி, முன்பக்கம் போய்க் குனிந்தாள். கண்ணாடி இருட்டாக இருந்தது. தொப்பி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கையின் நிழல் தொப்பியின் வெளி விளிம்பில் விழுந்திருந்தது. விளிம்பைத் தாண்டி எட்டி எட்டிப் பார்ப்பது போல், விரல் நுனிகள் கொஞ்சம் நடுங்கின. ஐந்து மாதம் நீட்டியபடியே நின்ற கை.

"போதும்," என்றாள்.

காலி வீட்டில் தன் குரலைக் கேட்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை யாராவது கேட்ட பிறகுதான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். இன்று கேட்க ஆள் இல்லை. நிழல் அசையவில்லை.

"போதும். நான்தான் சொல்றேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும், போன் வந்துடுச்சு, மறந்துட்டேன். இது தொப்பி. காசு குடுத்து வாங்கினேன். நீ நிக்க வேண்டாம். இறக்கிக்க. வீட்டுக்குப் போ."

கேமராவின் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். திரையில் மூலையில் நான்கு விரல்கள். இன்னொன்று எடுத்தாள். இரண்டு விரல்கள், இன்னும் கீழே. மூன்றாவதில் வளைந்த சுண்டுவிரலின் நுனி மட்டும். நான்காவதில் வெறும் சுவர், சன்னல், வெயில்.

அவள் பையைக் கட்டினாள். வெளியே வந்து, கதவைச் சாத்துவதற்கு முன், தேவைக்கு மேல் ஒரு நிமிடம் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றாள். மின்தூக்கியில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள். பேருந்தில் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்தபோது ஒரு பெரியவர் வந்து, "இங்க ஆள் இருக்காம்மா?" என்று கேட்டார். அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். "தெரியலைங்க," என்றாள். பெரியவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

தெருமுனை திரும்பி வாசலில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து அண்ணியின் அலறல் கேட்டது. ஓடினாள். அண்ணி அழுகையும் சிரிப்புமாக நின்றிருந்தாள்.

"அசைஞ்சுது. விரல் அசைஞ்சுது. இப்பதான், நீ உள்ள வர்றதுக்கு ஒரு நிமிசம் முன்னாடி. போர்வையைப் பிடிச்சு இழுத்துச்சு."

அண்ணன் படுக்கையில் உட்கார்ந்திருந்தார். வலது கை போர்வையின் ஓரத்தை இறுகப் பற்றியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. தன் மடியில் வந்து உட்கார்ந்த பூனையைப் பார்ப்பது போல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை பிசியோ பெண் வந்தாள். "மடக்குங்க சார்," என்றாள். கை சும்மா கிடந்தது. "முயற்சி பண்ணுங்க." அண்ணனின் நெற்றியில் நரம்பு புடைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. "நேத்து என் கண்ணால பார்த்தேம்மா," என்று அண்ணி சத்தியம் செய்தாள்.

வேலைக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த தங்கை, கதவருகில் நின்றபடி, "மடக்கு," என்றாள்.

ஐந்து விரல்களும் ஒழுங்காக மடங்கின.

"நீட்டு."

நீண்டன. பிசியோ பெண் கைதட்டினாள். "தங்கச்சி சொன்னாத்தான் கேப்பீங்களா சார்? சரி, இது போதும் எனக்கு. இனிமே விடவே கூடாது." அண்ணியும் சிரித்தபடி அவளை வழியனுப்ப வாசல் வரைக்கும் போனாள்.

அறையில் இருவர் மட்டும் ஆனதும் அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் மடக்கல பாப்பா."

"தெரியும்."

"அது என் பக்கம் வந்து படுத்திருக்கு, அவ்வளவுதான். ராத்திரி பூரா அது சூடா இருக்கறது தெரியுது. மூச்சு விடற மாதிரி இருக்கு. ஆனா நான் சொன்னா கேக்கல." அவள் தோளிலிருந்த பையைப் பார்த்தார். "நீ வேலைக்குப் போயிடுவ. நாள் பூரா நான் இதுகூட இருக்கணும்."

அவள் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியவில்லை. கடைசியில் கையைப் பார்த்தே பேசினாள்.

"இனிமே நான் சொல்றதைக் கேக்க வேண்டாம். அண்ணன் சொல்றதைக் கேளு."

கை மெதுவாகப் புரண்டு, உள்ளங்கை மேலே தெரியக் கிடந்தது.

"சொல்லுண்ணா," என்றாள்.

"மடங்கு," என்றார் அண்ணன்.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி வாசலில் பிசியோ பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். விரல்கள் மடங்கவில்லை. பிறகு கட்டைவிரல் மட்டும், அவளிருந்த பக்கம் ஒரு தடவை சாய்ந்து, நின்று, அண்ணனிருந்த பக்கம் சாய்ந்தது.

"நீயா?" என்றாள்.

"இல்ல," என்றார். "ஆனா காதுல வாங்குது."

அவள் தோளிலிருந்த பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். மேலாளர் காத்திருக்கட்டும்.

"இன்னொரு தடவை சொல்லுண்ணா. அதட்டாம சொல்லு. அது பயந்து போயிருக்கு."